சுழி இல்லாத கி

குளிர்சாதன அறையின் கதவைத் திறந்ததும் முதலில் மூக்கைத்தான் தாக்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம். உடுப்பில் ஏறி, தலைமுடியில் ஏறி, வீட்டுக்குப் போய்த் தேய்த்துக் குளித்த பிறகும் தலையணைவரை கூடவே வருகிற நாற்றம். ஆழ்கடல் சரிவுகளில், மண்ணுக்குள்ளிருந்து குளிர்ந்த வாயு கசிந்துகொண்டே இருக்கிற இடங்களில் எடுத்த சேறு எல்லாமே அப்படித்தான் நாறும். வேலைக்கு வந்த புதிதில் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போய் நின்றுகொண்டதுண்டு. அதற்கெல்லாம் கூசிய காலம் மலையேறிவிட்டது. ஆய்வகத்தில் எல்லோரும் அவளைச் சேத்தக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்; அவளும் திரும்பிப் பார்த்தாள்.

அன்று காலை நாற்றம் இல்லை.

வாசலிலேயே நின்று இரண்டு மூன்று முறை இழுத்துப் பார்த்தாள். ஜலதோஷமோ என்று கைக்குட்டையை எடுத்து முகர்ந்தாள். சோப்பு மணத்தது. மூக்கில் கோளாறு இல்லை. அறையில் எப்போதும் இருக்கிற மற்றதெல்லாம் இருந்தது: குளிர் இயந்திரத்தின் முனகல், ஒரு பக்கம் மட்டும் துடிக்கிற குழல் விளக்கு, ஈரத்தில் எப்போதும் வழுக்குகிற சிமெண்ட் தரை, இரண்டு பக்கமும் இரும்புத் தட்டுகளில் வரிசையாகப் படுத்திருக்கிற பிளாஸ்டிக் குழாய்கள். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் கடலடி மண். கப்பலிலிருந்து நீளமான குழாயை இறக்கி, சரிவில் செங்குத்தாகக் குத்தி, மண்ணோடு உருவி எடுத்து, தளத்தில் படுக்கவைத்துத் துண்டு துண்டாக வெட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டு அனுப்பிவிடுவார்கள். இங்கே வந்த பிறகு அவை அவளுடைய பிள்ளைகள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும்தான் சத்தம் கேட்டது. ஸ்ஸ்ஸ். நின்றது. மறுபடியும் ஸ்ஸ்ஸ்.

குழாய் இரைவது புதிதல்ல. அத்தனை ஆழத்தில் அழுத்திக் கிடந்த வாயு, மேலே வந்ததும் சேற்றை உப்பவைக்கும். துளை போட்டு விடாவிட்டால் மூடியைத் தள்ளிக்கொண்டு சேறு தரையில் வந்து விழும். அதனால் குழாய் வந்த அன்றே, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல், எல்லாவற்றிலும் வரிசையாகக் குத்தூசியால் துளை போட்டுவிடுவாள். அன்று முழுக்க அறையே சீறும். போகப் போக அடங்கும். இந்தச் சரிவின் குழாய்கள் அடங்கிப் பல வாரம் ஆகிவிட்டது.

அதுவும் இரைந்தது அந்தக் கட்டைக் குழாய். வெட்டும்போது கடைசியில் மிஞ்சுகிற ஒரு முழத் துண்டு. உள்ளே இருப்பது கெட்டிக் களிமண். விரலால் அழுத்தினால் தடம்கூட விழாது. வந்த அன்று மற்ற குழாய்களெல்லாம் சீறியபோதும் சமர்த்தாகப் படுத்திருந்தது இது ஒன்றுதான்.

குனிந்து காதை வைத்தாள். சீறல், இடைவெளி, சீறல். இடைவெளியில் என்னவோ இருந்தது. அது வெறும் நிறுத்தமாக இல்லை.

நிமிர்ந்துகொண்டாள். காலை நேரத்தில், வாசலில் காவலாளி வானொலி கேட்டுக்கொண்டிருக்கிற கட்டிடத்தில், மண்ணுக்குப் பயப்படுவதா என்று தன்னையே கடிந்துகொண்டாள். ஆனாலும் அந்தக் குழாய்க்கு முதுகைக் காட்டி நிற்க மனம் வரவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். பிறகு அங்கிருந்தும் நகர்ந்தாள்.

கைப்பேசி அதிர்ந்தது. தம்பி மனைவி.

"அண்ணி, இன்னைக்கு இறங்குறாராமே?"

"ஆமா. இந்நேரம் பாதித் தூரம் போயிருப்பான்."

"எனக்குத் தூக்கமே வரல அண்ணி. ராத்திரி போன்ல கேட்டா, எங்கக்கா ஒவ்வொரு பிடி மண்ணா அமுக்கிப் பாத்து ஓகே சொல்லியிருக்கா, நீ போய்த் தூங்குன்னு சிரிக்கிறாரு."

"சரியாத்தானே சொல்லியிருக்கான்."

"நீங்க சொன்னா எனக்கும் நிம்மதி. அதான் போட்டேன்."

நிம்மதி என்று சொன்ன குரலில் நிம்மதி இல்லை. அவளுக்கும் இல்லை. தம்பி ஓட்டுகிற நீர்மூழ்கிக்கு ஆய்வகத்தில் உருண்டை என்று பெயர். மூன்று பேர் முட்டி இடிக்க உட்காரலாம். இன்று அது சரிவில் தரை தொட்டு உட்கார்ந்து, கனமான கருவி ஒன்றை நட்டுவிட்டு வர வேண்டும். உட்காரலாமா என்பதைச் சொல்ல வேண்டியது அவள். குழாய்களின் இரண்டு முனையிலும் கம்பியை அழுத்தி, எங்கே எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்துச் சொல்லிவிட்டாள்.

"ஒரே வார்த்தைல சொல்லுக்கா. உக்காரலாமா, வேணாமா?" என்று கேட்டிருந்தான்.

"மேல கொஞ்சம் சேறு, உன் மெத்தை மாதிரி. அடியில நல்ல கெட்டி. தைரியமா உக்காருடா."

கட்டைக் குழாய் சீறியது.

சும்மா நின்றுகொண்டிருக்க முடியவில்லை. குழாய்களை நெடுகப் பிளந்து பார்க்கும் வேலை அடுத்த வாரத்துக்குத்தான். இருந்தாலும் கை எதையாவது செய்தால் தேவலாம் போலிருந்தது. நடுத்துண்டுகளில் ஒன்றை மேசைக்குத் தூக்கி வந்து, ரம்பத்தால் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக்கை அறுத்து, மெல்லிய கம்பியை நடுவே இழுத்து, புத்தகம்போல இரண்டாக விரித்தாள்.

சாம்பல் சேறு, அதன் நடுவே மணல் வரி. பிறகு மறுபடி சேறு, மறுபடி மணல். பழைய மண்சரிவுகளின் தடம். மேலேயிருந்து ஒரு தடவை மண் சரிந்து வந்தால், கனமான மணல் முதலில் அடியில் உட்காரும். நைசான சேறு பிறகு மேலே படியும். கலங்கல் தண்ணீரைக் குவளையில் பிடித்து வைத்தால் நடப்பதுதான்.

இதில் மணல், சேற்றுக்கு மேலே இருந்தது.

இரண்டு பாதிகளையும் பார்த்தாள். ஒவ்வொரு வரியிலும் அப்படியே. தலைகீழ். ஒரு குழாயை மட்டும் தப்பாக வைத்துவிட்டார்கள் என்று நினைத்து இன்னொன்றை அறுத்தாள். அவசரத்தில் ரம்பம் நழுவி விரலில் கீறியது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை. அதிலும் தலைகீழ்.

அப்போதுதான் எழுத்தைப் பார்த்தாள். இத்தனை வாரமும் கண்ணில் பட்டுக்கொண்டேயிருந்த எழுத்து. கப்பலில் ஒவ்வொரு துண்டின் மேல் முனையிலும் மே, கீழ் முனையிலும் கீ என்று எழுதுவது வழக்கம். இந்தக் குழாய்களில் கறுப்பு மையில் பெரிதாக மே இருந்தது. மறுமுனையில் கி இருந்தது.

கீ இல்லை, கி. சுழி இல்லை.

குழாய்கள் வந்த அன்று இதைப் பார்த்துச் சிரித்தது ஞாபகம் வந்தது. சுழி போடக்கூட வணங்காத கை யாருடையதோ, வாத்தியாரிடம் குட்டு வாங்காமல் வளர்ந்தவர்போல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எல்லாக் குழாயிலும் கி. ஒன்றில்கூடச் சுழி இல்லை. ஓடி ஓடிப் பார்த்தாள். இடப்பக்கத் தட்டு, வலப்பக்கத் தட்டு. கி. கி. கி.

கப்பலுக்குப் போட்டாள். இறங்கு பணிக்குப் பொறுப்பானவர் எடுத்தார். மீசையை எடுத்துப் பல வருடம் ஆகியும் மீசை என்ற பெயர் மட்டும் போகாத மனிதர்.

"சார், உருண்டை எங்க இருக்கு?"

"இப்பதான் மேடம், தரையைத் தொட்டாங்க. உங்க தம்பி பாட ஆரம்பிச்சிட்டாரு. இங்க ஸ்பீக்கர் கிழியுது."

"தூக்கச் சொல்லுங்க. உடனே."

"என்ன மேடம்?"

"மேல வரச் சொல்லுங்க சார்! குழாய்ல எழுதினது யாரு?"

"நம்ம ரோட்டுக்காரர்தான். முன்னாடி நெடுஞ்சாலைக்கு மண்ணு தோண்டிட்டு இருந்தாரே, இந்தத் தடவை புதுசா... இங்கதான் நிக்கிறாரு."

"மே-ன்னா என்ன, கி-ன்னா என்னன்னு அவர்கிட்ட கேளுங்க."

போன் கை மாறியது. காற்று இரைச்சலுக்கு நடுவே, எதற்குக் கேட்கிறார்கள் என்று புரியாத ஒரு நடுவயதுக் குரல்.

"மேற்கு, கிழக்கு மேடம். ரோட்டு வேலைல அப்படித்தான் எழுதுவோம். தளத்துல எப்படிப் படுத்திருந்துச்சோ அப்படியே பெட்டில அடுக்கணும்னு சொன்னாங்க. மாறிடக் கூடாதேன்னு திசையை எழுதிட்டேன்."

"தளத்துல மண்ணோட தலை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

அவர் யோசித்தார். அவள் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கிழக்கால மேடம். ஏன், தப்பாயிடுச்சா?"

அவள் அடியில் கிடப்பதாகச் சொன்ன கெட்டிக் களிமண்தான் மேலே கிடக்கிறது. மெத்தை என்று சொன்ன சேறு, வாயுவும் உறைந்த வாயுக் கட்டிகளும் ஊறிய கூழ், அதற்கு அடியில். கொதிக்கிற பாலின் மேல் ஆடை படிந்திருப்பதுபோலச் சரிவின் மேல் ஒரு தோல். அந்தத் தோலின் மேல்தான் தம்பியைத் தைரியமாக உட்காரச் சொல்லியிருக்கிறாள்.

போன் மீசையிடம் திரும்பியிருந்தது. அவர் பேசுவது கேட்டது. ஒலி தண்ணீருக்குள் அத்தனை ஆழம் இறங்கி, பதில் ஏறி வரவேண்டும். காத்திருந்தாள். கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, ஈரக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையை மறுபடி துடைத்தாள்.

தம்பியின் குரல் வந்தது. குழறி, இழுபட்டு.

"மேல வரணுமா? இப்பதானே உக்காந்தோம்... யாரு, அக்காவா சொன்னா?"

"ஆமாடா!" என்று கத்தினாள். அது அவனுக்குக் கேட்காது.

"சரி, மேல ஏற எடையைக் கழட்டுறேன்... இருங்க. முன்னாடி குமிழி வருது. நிறைய வருது."

அவளுக்குப் பின்னால் ஒரு குழாய் சீறியது.

பிறகு அதன் பக்கத்துக் குழாய். பிறகு எதிர்த் தட்டில் ஒன்று. வாரக்கணக்கில் செத்துக் கிடந்த துளைகள், வரிசையாக, யாரோ நடந்துகொண்டே ஒவ்வொன்றாகத் திறந்து விடுவதுபோல. அறை முழுக்க இரைச்சல். அப்போதும் நாற்றம் இல்லை.

மேசையில் பிளந்து வைத்த மண் நகர்ந்தது.

மேசை சமம்தான். குண்டூசியை வைத்தாலும் உருளாது. ஆனால் மண் அடுக்கு மொத்தமாக, உடையாமல், விளிம்பை நோக்கி மெல்ல வழுக்கியது. அவள் பாய்ந்து இரண்டு உள்ளங்கையாலும் தடுத்தாள். தள்ளினாள். தாங்க முடியவில்லை. இரண்டு கைப்பிடி சேற்றுக்கு இத்தனை கனமா?

"அக்கா," என்றது ஒலிபெருக்கி. "நகருதுக்கா."

மண் அவள் விரல்களைத் தாண்டி வழிந்து தரையில் விழுந்தது. எல்லாக் குழாய்களும் ஒரே நேரத்தில் நின்றன.

அமைதி. குளிர் இயந்திரத்தின் முனகல் மட்டும்.

மீசை கூப்பிட்டுக்கொண்டிருந்தார். உருண்டையை, தம்பியின் பெயரைச் சொல்லி, மறுபடி உருண்டையை. பதில் இல்லை. கப்பலில் யாரோ ஓடுகிற சத்தம். யாரோ அழத் தொடங்கினார், ரோட்டுக்காரராக இருக்கும்.

ஸ்ஸ்ஸ்.

கட்டைக் குழாய்.

அவள் அதையே பார்த்தாள். இத்தனை வாரமும் அதை ஆகக் கீழே கிடந்த துண்டு என்று நினைத்திருந்தாள். இப்போது அது ஆகக் கீழே இல்லை. அதுதான் தலை. அதுதான் கடலின் தரை. தம்பி உட்கார்ந்த மண்.

நெருங்கிப் போனாள். போகக் கூடாது என்று உடம்பு சொன்னது, ஆனால் கால் போனது. துளைக்கு நேராகக் கன்னத்தைக் காட்டினாள். காற்று பட்டது. வெதுவெதுப்பான காற்று. அடைத்த அறையில் மனிதர்கள் வெகுநேரம் இருந்த வாடை. வியர்வை. வாய்க்காற்று.

நின்றது. அந்த இடைவெளியில் என்ன இருந்தது என்று இப்போது தெரிந்தது. கன்னத்து மயிர் துளையை நோக்கிச் சாய்ந்தது. குழாய் உள்ளே இழுத்தது.

விட்டது. இழுத்தது.

விரலை வைத்து அடைத்தாள். போகிற காற்று அவர்களுடையது. போக விடக் கூடாது. விரல் நுனி துளைக்குள் இழுபட்டது. பலமாக. இன்னும் பலமாக. பதறி எடுத்தாள். அடைத்ததே தப்போ? மூச்சு விட வேறு வழியில்லாமல் இதையே நம்பி இழுக்கிறார்களோ? மூடுவதா, விடுவதா? ஏற்கெனவே ஒரு தடவை மாற்றிச் சொன்னவள் அவள். வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். வாய்விட்டு அழுதாள்.

சீறல் சன்னமாகிக்கொண்டு வந்தது.

குழாயை மேசைக்கு இழுத்தாள். கி என்று எழுதிய முனை. டேப்பைப் பல்லால் கிழித்தாள். மூடியைப் பிடுங்கினாள்.

சாம்பல் களிமண். ஏறியது. இறங்கியது.

விரல்களைக் குத்தினாள். அழுத்தினால் தடம் விழாத மண் வெண்ணெய்போல விலகியது. வெதுவெதுப்பு. அள்ளி எறிந்தாள். மறுபடி அள்ளினாள். மணிக்கட்டு போனது. முழங்கை போனது. குழாய் ஒரே முழம். மறுமுனை மூடி கண்ணெதிரே இருந்தது, டேப் சுற்றியபடி, அசையாமல். கை அதைத் தொடவில்லை. கை இன்னும் போனது. தோள் விளிம்பில் இடித்தது. கன்னம் பிளாஸ்டிக்கில் அழுந்தியது. விரல்களை நீட்டினாள். இன்னும். இன்னும் கொஞ்சம்.

பிடித்தது.

ஒரு கை. அவள் கையை முழுசாகப் பற்றியது. மோதிரம் தட்டுப்பட்டது. பெரிதாகிப்போனதென்று நூல் சுற்றிப் போட்டிருக்கிற மோதிரம். சந்தேகமே இல்லை.

"டேய்," என்றாள். "பிடிச்சுக்கோ. அக்கா இருக்கேன்டா. விட்டுடாத."

அவன் பிடி இறுகியது. கேட்டுவிட்டது. அவனுக்குக் கேட்டுவிட்டது! காலை மேசைக் காலில் முட்டுக் கொடுத்து இழுத்தாள். தோள் கழன்றுவிடும்போல வலித்தது. வலிக்கட்டும். ஒரு விரற்கடை வந்தது. இன்னொரு விரற்கடை.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?" மீசையின் குரல் உடைந்திருந்தது. "ஆழம் பாக்குற கருவிக்கு அடியில ஒண்ணுமே படலை மேடம். சரிவையே காணோம்."

"இருக்கான்," என்றாள். "என் கையில இருக்கான். இழுத்துட்டு இருக்கேன்."

இழுத்தாள். வந்தது. வந்துகொண்டே இருந்தது.

நின்றது.

அங்கே, இருவர் கைக்கும் நடுவில், வேறு எதுவோ வந்தது. குளிர்ந்தது. கொழகொழவென்றது. எலும்பு இல்லாதது. அது அவள் கையைப் பிடிக்கவில்லை. அவளைச் சட்டை செய்யவே இல்லை. தம்பியின் விரல்களை மட்டும் தடவிப் பார்த்தது, ஒன்றுவிடாமல், அவசரமே இல்லாமல். சுண்டு விரலைக் கண்டுபிடித்தது. அவள் கையிலிருந்து அதை மெதுவாகப் பிரித்து எடுத்தது.

பிறகு மோதிர விரலை.